மலைக்கு முதுகு காட்டும் டிஷ்: ஹோம் தியேட்டர் வயருக்குள் இத்தனை சங்கதி இருக்கு, தெரியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில் வீட்டு மாடிகளை நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? மேற்கே மலை ஓங்கி நிற்கிறது. ஆனால் மாடியில் இருக்கிற டிஷ் ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பாது! அத்தனையும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவே வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். ராஜபாளையத்திலும் இதே கதைதான். ஏன் தெரியுமா?

நமக்குச் சேனல் இறக்கித் தரும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ராஜபாளையம் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை ஏறத்தாழ 77.5 பாகையில். நம் டி.டி.எச். சேவைகளின் செயற்கைக்கோள்களோ 83 பாகையிலிருந்து 108 பாகை வரை வரிசையாக நிற்கின்றன. தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷுக்குப் படம் அனுப்பும் ஜிசாட்-15, 2015 நவம்பரில் ஏவப்பட்டது, 93.5 பாகையில் இருக்கிறது. எல்லாமே நமக்குக் கிழக்கே! மலை குறுக்கே வர வழியே இல்லை. சரி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருப்பவர்களுக்கு? அவர்களுக்கு மலை கிழக்கே அல்லவா? அங்கேயும் கவலையில்லை. இந்த அட்சரேகையில் ஜிசாட்-15 தொடுவானத்திலிருந்து கிட்டத்தட்ட 68 பாகை உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தை மறைக்க மலை வீட்டுக் கொல்லையிலேயே எழும்பினால்தான் உண்டு.

இதில் இன்னொரு வேடிக்கை. உங்கள் மாடி டிஷ் அவ்வளவு செங்குத்தாகவா மேலே பார்க்கிறது? இல்லையே! அதன் முகம் பாதி உயரத்தைத்தான் பார்ப்பதாகத் தெரியும். அந்தத் தட்டு ஒரு பெரிய கிண்ண வடிவத்திலிருந்து ஓரமாக வெட்டியெடுத்த துண்டு. அதனால் அது பார்க்கிற திசை ஒன்று, சிக்னல் வருகிற திசை இன்னும் மேலே. கீழேயிருந்து நீளும் கையின் நுனியில் சிக்னலைப் பிடிக்கும் சின்னப் பெட்டியான எல்.என்.பி. உட்கார்ந்திருப்பதும் அதனால்தான்.

ஆன்டெனா காலத்து ஆட்களைக் கேளுங்கள். அப்போது ஆன்டெனாவை வடக்கே திருப்பினால் கொடைக்கானல், தென்கிழக்கே திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி! 1982 பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினி கடல் தாண்டித் தென் மாவட்டங்களுக்கு வந்ததை இன்றும் கண் விரியச் சொல்வார்கள். மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருப்ப, கீழேயிருந்து இன்னொருவர் “வருது, வருது... போச்சு!” என்று கத்த, நடுவே தொங்கியது பட்டை வயர். இரண்டு கம்பி, நடுவே ஒரு பிளாஸ்டிக் பட்டை, 300 ஓம். அந்த வயரைச் சுவரோடு ஒட்டி ஆணியடித்தால் படம் கெடும், விலக்கி வைத்தால் தெளியும். வயர் எப்படிப் போகிறது என்பதே படத்தை மாற்றும் என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்றைக்கு டி.வி.யின் அங்குலத்தைப் பேசுகிறோம், ஸ்பீக்கரின் வாட்ஸைப் பேசுகிறோம், வயர் மட்டும் பில் போடும்போது கடைசியாக நினைவுக்கு வருகிறது. அதிலும் இரண்டு கூட்டம்: பெட்டியோடு வந்ததே போதும் என்பவர்கள் ஒரு பக்கம், விலை ஏற ஏறப் படம் பளபளக்கும் என்று நம்புகிறவர்கள் மறுபக்கம். இரண்டுமே காசுக்குக் கேடு!

மின்சாரம் மேலே, படம் கீழே: ஒரே வயரில்!

டிஷ்ஷிலிருந்து இறங்கும் அந்தக் கறுப்பு வயர் படத்தை மட்டும் கொண்டுவருகிறது என்று நினைக்கிறீர்களா? அதே வயரில், அதே நேரத்தில், கீழேயிருந்து மேலே மின்சாரமும் போகிறது! செட்டாப் பாக்ஸ்தான் எல்.என்.பி.க்குச் சோறு போடுகிறது. பல எல்.என்.பி.களில் 13 வோல்ட் அனுப்பினால் ஒரு கூட்டச் சேனல்கள் திறக்கும், 18 வோல்ட் அனுப்பினால் மறு கூட்டம். நீங்கள் ரிமோட்டில் சேனல் மாற்றும்போது மாடியில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கு வோல்டேஜ் வழியாக உத்தரவு பறக்கிறது. சில வகைகளில் 22 கிலோஹெர்ட்ஸில் ஒரு தனி ஒலிக்குறிப்பும் கூடவே போகும். இவ்வளவுக்கும் அதில் இருப்பது ஒரு கம்பி, சுற்றி ஒரு வலை. இந்த வடிவத்துக்கு இங்கிலாந்தின் ஆலிவர் ஹெவிசைட் காப்புரிமை வாங்கியது 1880-ல். ரேடியோவே வராத காலம் அது!

இங்கேதான் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. மலிவான ஆர்.ஜி.6 வயரை வெட்டிப் பாருங்கள், நடுக்கம்பி செம்பு நிறத்தில் மின்னும். காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டுகிறதா? அப்படியானால் உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு! ஏமாற்றிவிட்டார்கள் என்று உடனே கொதிக்க வேண்டாம். சேனல் சிக்னல் ஓடுகிற ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் தோலில் மட்டும்தான் ஓடும். ஒரு ஜிகாஹெர்ட்ஸில் செம்புக்குள் அது இறங்குகிற ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு! பூச்சே போதும். ஆனால் மேலே போகிற 18 வோல்ட் முழுக் கம்பியிலும் ஓட வேண்டியது. வயர் நீளமாக இருந்து நடுவே இரும்பும் இருந்தால், 18-ஆகக் கிளம்புவது மேலே போய்ச் சேரும்போது இளைத்துப் போகும். எல்.என்.பி. அதை 13 என்று எடுத்துக்கொள்ளும். விளைவு? பாதிச் சேனல் அருமையாக வரும், மீதி வரவே வராது! டிஷ்ஷைத் திருப்பித் திருப்பி அலுத்துப்போன வீடுகள் ஏராளம். மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வீட்டு ஹாலுக்கு வயர் இழுப்பதானால் நடுக்கம்பி முழுச் செம்பாக இருக்கிற ஆர்.ஜி.6 என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: அந்தத் திருகு முனையில் துருத்திக்கொண்டிருக்கிற ஊசி இருக்கிறதே, அது தனியாகச் செய்து வைத்த பின் இல்லை. வயரின் நடுக்கம்பியேதான்! அதனால்தான் அது வளைந்தாலோ துருப்பிடித்தாலோ படம் திக்குகிறது. வெளி வயர் ஜன்னலுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுப் பிறகு மேலே ஏற்றி உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். ஐப்பசி அடைமழையில் வயரைப் பிடித்து வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பைசா செலவில்லை.

பால்கோவா திரும்பவும் பாலாகிறது!

இப்போது வீட்டுக்குள் வருவோம். ஓ.டி.டி.யில் 4கே படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்கிற இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். அதே படம் உங்கள் பெட்டியிலிருந்து டி.வி.க்கு எச்.டி.எம்.ஐ. வயரில் போகும்போது எவ்வளவு தெரியுமா? கணக்குப் போடலாம். குறுக்கே 3,840 புள்ளி, நெடுக்கே 2,160 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் 24 பிட், நொடிக்கு 60 படம். பெருக்கினால் 12,000 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் குறைவு! வீட்டுக்குள் நுழைந்ததைப் போல் எண்ணூறு மடங்கு! ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய பாடம் தேவையில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவாவாக்கி அனுப்புகிறார்கள், உங்கள் வீட்டுப் பெட்டி அந்தப் பால்கோவாவைத் திரும்பப் பாலாக்கி வயரில் ஊற்றுகிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் இந்த வித்தை செல்லாது, அது வேறு விஷயம்.

ஆகவே வீட்டிலேயே அதிகச் சுமை தூக்குவது அந்த ஒன்றரை மீட்டர் வயர்தான். 2002-ல் சோனி, பானாசோனிக், பிலிப்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடி முதல் எச்.டி.எம்.ஐ. விதியை வெளியிட்டபோது நொடிக்கு 4.95 ஜிகாபிட்தான் இலக்கு. 2013-ல் 18. 2017-ல் 48. 2025-ல் வந்த புது விதியில் 96! ஆனால் முனையில் இருக்கிற பின்கள் அன்றும் 19, இன்றும் 19.

இங்கேதான் கடைகளில் பெரிய குழப்பம். “அண்ணாச்சி, டூ பாயின்ட் ஒன் வயர் இருக்கா?” என்று கேட்கிறோம். அவரும் எடுத்து நீட்டுகிறார். வயருக்கு அப்படி ஒரு பதிப்பு எண்ணே கிடையாது, தெரியுமா? 2.0, 2.1 என்பதெல்லாம் டி.வி., பெட்டி போன்ற கருவிகளுக்கான விதிகளின் எண்கள். வயர்களைத் திறனை வைத்துத்தான் பெயரிட வேண்டும் என்பது எச்.டி.எம்.ஐ. உரிமம் தருகிறவர்களின் கட்டளை. ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்று இருந்தால் 18 ஜிகாபிட். ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்று இருந்தால் 48. இந்த இரண்டின் அட்டையிலும் போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கிற ஒட்டுச்சீட்டு இருக்க வேண்டும். வெறும் ‘8கே’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்துச் சீட்டு இல்லாமல் தொங்குகிற வயரைவிட, சீட்டு ஒட்டிய சாதாரண வயர் எவ்வளவோ மேல்.

எது வேண்டும்? 4கே டி.வி., செட்டாப் பாக்ஸ், ஓ.டி.டி. குச்சி, இவ்வளவுதான் என்றால் 18 தாராளம். பிள்ளைகள் புது கேம் கன்சோலை மாட்டி நொடிக்கு 120 படம் கேட்டால் 48 வேண்டும். நீளம் மூன்று மீட்டருக்குள் இருக்கும்படி சாமான்களை வையுங்கள். அதற்கு மேல் நீள நீளச் செம்புக்கு மூச்சு வாங்கும். படம் மங்காது, அதுதான் விசேஷம்! கொஞ்சம் நட்சத்திரம் மின்னும், ஒரு நொடி கறுக்கும், பிறகு அடியோடு போய்விடும். டிஜிட்டலில் பாதி நன்றாக இருப்பது என்று ஒன்று கிடையாது. அதனால்தான் முழுப் படமும் ஒழுங்காக வருகிற மலிவு வயரைக் கழற்றிவிட்டு விலை உயர்ந்த வயரை மாட்டினால் நிறம் கூடாது, கறுப்பு ஆழமாகாது, ஒன்றுமே ஆகாது!

புரொஜெக்டர் வைக்கிறீர்கள், பதினைந்து மீட்டர் ஓட வேண்டும் என்றால்? அதற்கும் வழி உண்டு. செம்புக்குப் பதிலாக உள்ளே ஒளி இழை ஓடுகிற எச்.டி.எம்.ஐ. வயர்! ஒரு முனையில் மின்சாரத்தை ஒளியாக்கும் சில்லு, மறு முனையில் ஒளியைத் திரும்ப மின்சாரமாக்கும் சில்லு. இந்த வயருக்குத் திசை உண்டு. பெட்டிப் பக்கம் எது, திரைப் பக்கம் எது என்று முனைகளில் எழுதியிருக்கும். மாற்றி மாட்டினால் கறுப்புத் திரைதான். சுவருக்குள் புதைத்துப் பூசிய பிறகு இது தெரியவந்தால்... நினைக்கவே வேண்டாம்! ஒளியை வளைந்த கண்ணாடி இழைக்கட்டு வழியாக அனுப்பிப் படத்தைக் கடத்திக் காட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டனில் ஹாரல்ட் ஹாப்கின்ஸோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் அதை அவர் எழுதியது 1954-ல்.

தங்கத்தைவிடச் செம்பு கெட்டி!

“முனையெல்லாம் தங்க முலாம் சார்!” என்றவுடன் நம் மனசு இளகிவிடும். தமிழ்நாட்டில் தங்கம் என்று சொல்லி விற்க முடியாத பொருள் உண்டா என்ன? ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் முதலிடம் வெள்ளி, அடுத்தது செம்பு, அதற்குப் பிறகுதான் தங்கம்! தங்கத்துக்கு ஒரே ஒரு சிறப்பு, துருப்பிடிக்காது. அடிக்கடி கழற்றி மாட்டுகிற முனைக்கு, ஈரக்காற்று அடிக்கிற இடத்துக்கு அது நல்லது. படத்தின் தெளிவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

மஞ்சள் வயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

மஞ்சள், வெள்ளை, சிவப்பு. அந்த மூன்று கலர் வயரின் முனை 1930களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் இசைத்தட்டுப் பெட்டியை ரேடியோவோடு இணைக்கக் கொண்டுவந்தது! இன்னும் சாகவில்லை. சில வீடுகளில் எச்.டி. பேக்குக்கு மாதாமாதம் காசு கட்டிவிட்டு, பெட்டியை மஞ்சள் வயரில் டி.வி.யோடு கோத்திருப்பார்கள். மஞ்சள் வயரில் போவது 576 கோடுகள் கொண்ட பழைய படம்தான். 1,080 கோடு படத்துக்குக் கட்டிய காசு பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. உடனே எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுங்கள். ஆனால் அந்த மஞ்சள் வயரை எறிய வேண்டாம். ஒழுங்காகச் செய்த மஞ்சள் வயர் 75 ஓம் வயர். ஆம்ப்பின் பின்னால் ‘கோஆக்சியல்’ என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு டிஜிட்டல் துளை இருக்குமே, அதற்கு வேண்டியதும் 75 ஓம் வயர்தான்! பழைய மஞ்சள் வயரில் 5.1 டிஜிட்டல் ஒலி கம்பீரமாகப் போகும்.

சும்மா கிடந்த 14-ஆம் பின்

சவுண்ட்பார் வாங்குகிறவர்கள் கவனிக்க! எச்.டி.எம்.ஐ.யின் 14-ஆம் பின் முதல் ஏழு வருடம் சும்மா கிடந்தது. 2009-ல்தான் அதற்கு வேலை வந்தது. டி.வி.யிலிருந்து ஒலியைத் திருப்பி ஸ்பீக்கருக்கு அனுப்பும் வேலை. அதுதான் ஏ.ஆர்.சி. படம் ஒரு பக்கம் போக, ஒலி அதே வயரில் எதிர்ப்பக்கம் வரும். டி.வி.யின் பின்னால் மூன்று நான்கு துளைகள் இருந்தாலும் ஏ.ஆர்.சி. என்று ஒன்றில் மட்டும்தான் எழுதியிருக்கும், அதில்தான் சவுண்ட்பாரை மாட்ட வேண்டும். ஏ.ஆர்.சி.யில் நொடிக்கு ஒரு மெகாபிட் அளவுக்கு ஒலி போகும். பின்னால் வந்த ஈ.ஏ.ஆர்.சி.யில் 37! ஓ.டி.டி.யில் வருகிற டால்பி அட்மாஸ் ஒலி ஏ.ஆர்.சி.யிலேயே வந்துவிடும். புளூரே தட்டில் இருக்கிற தரம் இழக்காத அட்மாஸுக்குத்தான் ஈ.ஏ.ஆர்.சி. தேவை.

அட்மாஸ் என்றதும் இரண்டு செய்தி. டால்பி அட்மாஸில் வெளியான முதல் இந்தியப் படம் தமிழ்ப் படம்: 2012 டிசம்பரில் வந்த ‘சிவாஜி’யின் முப்பரிமாணப் பதிப்பு! அடுத்தது இன்னும் ஆச்சரியம். ரே டால்பி தன் பெயரில் லண்டனில் ஆய்வகம் தொடங்கியது 1965-ல். அதற்கு முந்தைய இரண்டு வருடம் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? ஐ.நா.வின் தொழில்நுட்ப ஆலோசகராக, இந்தியாவில்!

ஸ்பீக்கர் வயருக்கு வீட்டு வயரிங் கடை போதும்

இதை ஆடியோக் கடைக்காரர்கள் ரசிக்க மாட்டார்கள். இருந்தாலும் கணக்கு பொய் சொல்லாது. ஆம்ப்பிலிருந்து பின் ஸ்பீக்கர் பத்து மீட்டர் தூரம் என்று வையுங்கள். போக வர இருபது மீட்டர் செம்பு. ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். வயரானால் அதன் தடை 0.23 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் வயரின் தடை அதில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அதாவது 0.4 ஓம். தாராளமாகத் தேறிவிட்டது! 4 ஓம் ஸ்பீக்கரானால் இரண்டரை எம்.எம். போடுங்கள். ஹோம் தியேட்டர் பெட்டியோடு வருகிற நூல் வயர் 0.2 எம்.எம். அளவில் இருந்தால், இதே தூரத்தில் தடை 1.7 ஓம். ஆம்ப் கொடுக்கிற சக்தியில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் வயரைச் சூடாக்கவே போய்விடும். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற பல இழை கொண்ட நல்ல செம்பு வயர் போதும், பாம்புத் தடிமனில் நீல நிறப் பின்னல் உறை போட்ட வயர் தேவையே இல்லை.

ஒரே எச்சரிக்கை, செம்பு பூசிய அலுமினியம். பார்க்கச் செம்பு மாதிரியே இருக்கும், விலை பாதி. ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதே தடிமனில் அலுமினியத்துக்குத் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

வலது ஸ்பீக்கருக்கு மூன்று மீட்டர், இடதுக்குப் பதின்மூன்று மீட்டர். சத்தம் முன்னே பின்னே வந்துவிடாதா? இந்தப் பயத்தில் பத்து மீட்டர் வயரைச் சும்மா சுருட்டி வைத்திருப்பவர்கள் உண்டு! வயரில் சிக்னல் ஓடும் வேகம் நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர். பத்து மீட்டர் கூடுதலுக்கு ஆகும் தாமதம் ஒரு நொடியைக் கோடியாகப் பிரித்தால் அதில் பாதி. அதற்குள் காற்றில் ஒலி நகர்கிற தூரம் 0.017 மில்லிமீட்டர்! நாற்காலியை ஒரு ஜாண் தள்ளிப் போட்டால் வருகிற வித்தியாசம் இதைப்போல் பல்லாயிரம் மடங்கு.

அதைவிடப் பெரிய சங்கதி கூட்டல் கழித்தல். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பாட்டு கேட்கும், தவில் அடி மட்டும் மாயமாகிவிடும்! கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி. ஆம்ப்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனையையும் அந்த வயரின் முனைகளில் ஒரே ஒரு கணம் தொடுங்கள். வூஃபரின் கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் கூட்டல் முனை தொட்டதுதான் கூட்டல் வயர். உள்ளே இழுத்துக்கொண்டால் நேர் எதிர். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், கை தட்டுவார்கள்.

அந்தக் கூம்பைப் பின்னால் பிடித்துக்கொண்டிருப்பது எது தெரியுமா? பல ஸ்பீக்கர்களில் பருத்தித் துணி! பிசினில் தோய்த்து, மடிப்பு மடிப்பாக அச்சில் அழுத்திய வட்டத் துணி. பிளாஸ்டிக் வருவதற்கு முன் செம்புக் கம்பிகளுக்கு உறையாகச் சுற்றியதும் பருத்தி நூல்தான். வட்டமான சில வயர்களை வெட்டினால் இடைவெளியை அடைக்க இன்றும் உள்ளே நூல் கிடக்கும். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லும், அதன் பின் வந்த எத்தனையோ நூற்பாலைகளும் இருக்கிற ஊரில் இதைச் சொல்லாமல் போகலாமா?

அணிலால் நின்ற பங்குச் சந்தை!

செண்பகத்தோப்பு என்றாலே சாம்பல் நிற அணில். அதற்காகவே 1988-ல் சரணாலயம் அறிவித்தார்கள். 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. சரணாலயம் அறிவிப்பதற்கு ஒரு வருடம் முன்னால், 1987 டிசம்பரில், அமெரிக்காவில் வேறொரு அணில் செய்த காரியத்தைக் கேளுங்கள். கனெக்டிகட்டில் மின்கம்பியில் புகுந்து, நாஸ்டாக் பங்குச் சந்தையின் கம்ப்யூட்டரையே நிறுத்திவிட்டது. ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் வியாபாரம் நின்றது! 1994-ல் இன்னொரு அணில் அதே வேலையைத் திரும்பச் செய்தது.

நம் மலை அணில் பாவம், மர உச்சியை விட்டு இறங்கவே யோசிக்கும். உங்கள் வயருக்கு எமன் எலியும், முற்றத்தில் ஓடுகிற மூன்று வரி அணிலும்தான். கொறிக்கிற பிராணிகளின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளரும், கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும். அவற்றுக்கு ஐந்நூறு ரூபாய் வயரும் ஐயாயிரம் ரூபாய் வயரும் ஒன்றுதான்! வயரைப் பைப்புக்குள் விடுங்கள். சுவரில் துளை போட்டால் சுற்றி அடைத்துவிடுங்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதை மட்டும் எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எச்.டி.எம்.ஐ. முனையின் உலோக மூக்கு மட்டும் 14 மில்லிமீட்டர் அகலம், பிளாஸ்டிக் உறையோடு சேர்த்தால் 20 வரை போகும். வழக்கமாகப் போடுகிற முக்கால் இஞ்ச் பைப்பில் அது நுழையவே நுழையாது! டி.வி. சுவருக்கு ஒன்றேகால் இஞ்ச் பைப் போடச் சொல்லுங்கள். திருப்பத்தில் எல்போ வேண்டாம், நீள வளைவாக இருக்கட்டும். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள். 48 போய் 96 வந்துவிட்டது. நாளை என்ன வருமோ, அதை அந்தக் கயிறு இழுத்துக்கொள்ளும்.

இந்தியா முழுக்க ஒரே சுருதி

ஸ்பீக்கரில் விடாமல் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். ஆம்ப் பழுதென்று தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அது பெரும்பாலும் உங்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். 2013 டிசம்பர் 31-ல் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு ஒத்திசைக்கப்பட்டது. அன்றிலிருந்து ராஜபாளையத்து ஆம்ப்பும் டெல்லி ஆம்ப்பும் ஒரே சுருதியில்தான் ரீங்கரிக்கின்றன!

டி.வி.க்கு ஒரு எர்த், ஆம்ப்புக்கு வேறு பிளக்கில் ஒரு எர்த், கேபிள்காரர் வயர் வழியாக மூன்றாவதாக ஒன்று. இவை ஒன்றோடொன்று வளையமாகிவிட்டால் இந்தச் சத்தம் வரும். சிலர் பிளக்கின் மூன்றாம் காலை வெட்டிவிடச் சொல்வார்கள். கூடவே கூடாது, உயிருக்கு உலை! எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுங்கள். அப்படியும் போகவில்லையா? டி.வி.யிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிகல் வயர் போடுங்கள். தோஷிபா 1983-ல் சி.டி. பிளேயர்களுக்காகக் கொண்டுவந்த இந்த வயரில் ஓடுவது சிவப்பு வெளிச்சம். இரண்டு கருவிக்கும் நடுவே உலோகத் தொடர்பே இல்லை, ரீங்காரம் தாண்ட வழியில்லை. 5.1 வரை தாங்கும், அட்மாஸுக்கு மட்டும் உதவாது.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு இன்னொன்று. ஐப்பசியில் மேற்கே இருட்டிக்கொண்டு இடி முழங்கியதும் பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறோம். மாடியில் இரும்புக் கம்பத்தில் நிற்கிற டிஷ்ஷிலிருந்து செம்பு வயர் நேராக செட்டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக டி.வி.க்கும், டி.வி.யிலிருந்து சவுண்ட்பாருக்கும் போகிறதே! பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்தாலும் அந்த வழியில் வருகிற அதிர்ச்சியில் எச்.டி.எம்.ஐ. துளைகள் வரிசையாகப் போய்விடும். மேகம் கூடும்போதே, முதல் இடிக்கு முன்னால், பவரோடு டிஷ் வயரையும் திருகிக் கழற்றிவிடுங்கள். மின்னல் வெட்டத் தொடங்கிவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். இணையம் ஃபைபர் இழையில் வருகிறதென்றால் அதைக் கழற்றத் தேவையில்லை, கண்ணாடியில் மின்சாரம் ஏறாது. மோடத்தின் பவர் அடாப்டரை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆனால் ஃபைபர் வயரைத் தாங்குவதற்காகக் கூடவே ஒரு இரும்புக் கம்பி ஓடிவரும். அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தியிருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.